சார்ஜென்ட் எழுதாமல் விட்ட ரொட்டிக் கடை

ஆலை வளைவில் ரொதேலியோவை அடித்துப் போட்டுவிட்டுப் போன வண்டி யாருடையது? இருபத்து மூன்று வருஷமாக சான் ரோகேயில் எங்கள் யாராலும் பதில் சொல்ல முடியாமல் இருந்த கேள்வி இது. இதைத் தேடியே தேய்ந்தவர் எலியுதேரியோ மகராயிக். போலீசில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்களைக் கூப்பிடும் வழக்கப்படி ஊருக்கே அவர் மாங் தேர்யோ. இப்போது வாத்து வளர்க்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் ரொதேலியோவின் அம்மா ஆலிங் சலூத் அவரைக் கோயில் வாசலில் மறிப்பாள்.

"என்ன தேர்யோ, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லீங்க, ஆலிங் சலூத்."

"எனக்கு எண்பத்தொண்ணு ஆச்சு. நான் போறதுக்குள்ள சொல்லிடு."

அவள் கண் மூடுவதற்குள் ஒரு பெயரையாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாங் தேர்யோவுக்கு வேறு ஆசையே இல்லை.

அந்த வழக்கைத்தான் மணிலாவிலிருந்து வந்த அமிஹான் என்ற பெண் படமாக எடுத்தாள். அவரிடமிருந்த பழைய வாக்குமூலங்களை வாங்கிப் படித்து, அதில் இருந்ததை இருந்தபடியே எடுத்தாள். நாலு மணி நேரப் படம். கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தைச் சுற்றிக் கறுப்புத் தார்ப்பாய் கட்டி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போட்டுக் காட்டினாள். மழை பெய்வதை மட்டும் கால் மணி நேரம் காட்டியதில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

பிறகு தென்சியோவின் காட்சி வந்தது. ரொதேலியோ செத்த அன்று, கோயில் பாடகர் ஒருவரின் சாவு வீட்டிலிருந்து ஆளேற்றும் ஜீப்னி வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பியவன் தென்சியோ. திரையில் அவனுடைய பிடரி மட்டும் தெரிகிறது. வண்டி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பதினொரு நிமிஷம்.

"டேய், எங்கேயாவது நிறுத்துடா!" என்று மீன் விற்கும் பெப்பாங் கத்தினாள். "செத்தவரையும் கூடவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான் பாரு!"

"பொண்டாட்டிக்குத் துணைக்கு இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போறான்!" என்றது இன்னொரு குரல். தூங்கியவர்களும் எழுந்து சிரித்தார்கள்.

சாவு வீட்டிலிருந்து எங்களில் யாரும் நேரே வீடு திரும்ப மாட்டோம். வழியில் ஒரு கடையில் நின்று, ஒரு ரொட்டியாவது வாங்கி, பின்னால் வருவதை அங்கேயே உதறிவிட்டுத்தான் வருவோம்.

மாங் தேர்யோ மட்டும் சிரிக்கவில்லை. அமிஹானிடம் போய்க் கேட்டார். "அவன் எங்கேயும் நிக்காம போறானே, ஏம்மா?"

"எனக்கும் இடிச்சுது, மாங் தேர்யோ. ஆனா 'நேராக வீட்டுக்குப் போனேன்'னுதானே உங்க பேப்பர்ல இருக்கு?"

இருந்தது. இரண்டு விரலால் தட்டச்சு செய்தது அவரேதான். அன்றைய அதிகாரி ஒருமுறை, "போலீஸ் பேப்பர்ல பேய்க் கதை எழுதாதே" என்று காகிதத்தை அவர் முகத்தில் எறிந்திருந்தார். அதிலிருந்து யார் எங்கே நின்றேன் என்று சொன்னாலும் அவர் காதில் வாங்குவதில்லை. ஊருக்கே தெரிந்த வழக்கம், அதை எதற்கு எழுதுவது?

மறுநாள் பூசைக்குப் போகாமல் தென்சியோ வீட்டுக்குப் போனார். தென்சியோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சாவு வீட்டுலேர்ந்து கிளம்பி எங்கே நின்னே, தென்சியோ?"

"ஈசிங் ரொட்டிக் கடையில. அப்பவே சொன்னேனே, சார்ஜென்ட். 'அதெல்லாம் வேணாம், நேரா வீட்டுக்குன்னு போட்டுக்கறேன்'னு நீங்கதானே சொன்னீங்க?"

ஈசிங் கடை ஆலை வளைவைத் தாண்டி இருந்தது. தென்சியோவின் வீடு அதற்கு நேர் எதிர்த் திசையில். நேராக வீட்டுக்குப் போனவன் அந்த வளைவுப் பக்கமே வந்திருக்க மாட்டான் என்றுதான் யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை.

"தெரிஞ்சுதான் விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான் தென்சியோ மெதுவாக. "கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் மீன் எதுக்குக் கொடுத்தேன்?"

"பாசத்துலன்னு நெனச்சேன்டா, மடையா!"

"கொடுத்தவன் மடையனா, தின்னவன் மடையனா?"

தென்சியோ கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தான். பிறகு நடந்ததைச் சொன்னான். கடையிலிருந்து திரும்பும்போது சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. ரொதேலியோ ரோட்டோரம் குனிந்து தன் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். தென்சியோ இறங்கிப் பார்த்தான். பயந்து ஓடிவிட்டான்.

இருவரும் ஆலிங் சலூத் வீட்டுக்குப் போனார்கள். மாங் தேர்யோ முதலில் தன் தப்பைச் சொன்னார். பிறகு தென்சியோ சொன்னான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ எறங்கிப் பார்த்தப்ப மூச்சு இருந்துதா?"

"இருந்துது, ஆலிங் சலூத்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்டேஷனில் ஓர் இளம் அதிகாரி தென்சியோவின் வாக்குமூலத்தை எழுதினார். ரொட்டிக் கடையையும், முதல் தடவை அதை எழுதாமல் விட்டவரின் பெயரையும் சேர்க்கச் சொல்லி மாங் தேர்யோ பிடிவாதம் பிடித்தார். அடுத்த ஞாயிறு ஆலிங் சலூத் அவரைப் பார்க்காமல் நடந்து போனாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அவர் இன்னும் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறார்.

இப்போது ஊரில் தென்சியோவைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அவன் மறைத்தான், இத்தனை வருஷம் ஏமாற்றினான் என்கிறார்கள். அதைக் கேட்டால் மாங் தேர்யோவுக்குப் பொறுக்கவில்லை. அவன் ரொட்டிக் கடையைச் சொன்னான், எழுதாமல் விட்டது நான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொள்கிறார். நீங்களும் இதை நாலு பேரிடம் அப்படியே சொல்லுங்கள்.