பூட்டக்கா எழுதிய இருபத்தாறரை

செயற்கைக் கால் செய்யும் எங்கள் நிறுவனத்தில் அளவு எடுப்பவர் ஓர் அக்கா. பட்டறையிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிற கிளையில் அவருக்கு வேலை. கதவைப் பூட்டிய பிறகு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், அதனால் பூட்டக்கா. கணினியிலும் அப்படித்தான். சேமித்து மூடிய கோப்பைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து பார்ப்பார்.

"கம்ப்யூட்டர் மறந்துடுமாக்கா?" என்று கேலி செய்தவன் நான். இரண்டு இடத்துக்கும் பொதுவான கோப்புறையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அங்கே மாற்றினால் சில நிமிடங்களில் இங்கேயும் மாறும். ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் தொட்டிருந்தால், அந்தந்தக் கணினிக் கடிகாரப்படி கடைசியாகச் சேமித்தது நிற்கும், மற்றது போய்விடும்.

அன்று பதினொன்றரை மணிக்கு என் கைப்பேசியில் அழைத்தார்.

"தம்பி, அந்தக் கொத்தனாருக்குக் குழாய் நீளத்தைக் காலையில இருபத்தாறரை சென்டின்னு மாத்தினேன். இப்போ தொறந்தா பழையபடி இருபத்தஞ்சு நிக்குது. பட்டறை அண்ணன் வெட்டிட்டாரா?"

ஊன்றுகோலில் சாய்ந்தே பழகிய கொத்தனார், முதல் நாள் அளந்தபோது நல்ல காலைச் சற்று மடக்கி நின்றதால் அளவு குறைந்துவிட்டது. சந்தேகப்பட்டு மறுபடி வரவழைத்து, நிமிர்த்தி நிறுத்தி அளந்தவர் பூட்டக்கா. நாளைக் காலையில் அவருக்கு மாட்டிப் பார்க்க வேண்டும். செயற்கைக் காலுக்குத் தண்டாக வரும் குழாய், அவருக்கான கனத்தில் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. நீளமாக வெட்டினால் குறைக்கலாம். குறைத்து வெட்டினால் ஒட்ட முடியாது.

அக்காவை லைனில் வைத்துக்கொண்டே மேசைத் தொலைபேசியில் கீழ்த்தளத்துப் பட்டறைக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அறுக்கும் இயந்திரம் ஓடினால் பட்டறை அண்ணனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. படிகளில் ஓடினேன்.

ஓடும்போதுதான் உறைத்தது. அண்ணனுடைய கணினிக் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடும். பஸ்ஸைத் தவறவிடாமலிருக்க அவரே அப்படி வைத்திருந்தார். போன மாதமே பார்த்தேன், சிரித்தேன், விட்டுவிட்டேன். அக்கா மாற்றுவதற்குச் சற்று முன் அவர் பழைய கோப்பில் 'பார்த்தாச்சு' என்று எழுதிச் சேமித்திருப்பார். அவர் கடிகாரப்படி அதுதான் பிந்தியது. பழைய அளவு புதியதை விழுங்கிவிட்டது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கி என்ன, கண்ணில் பட்டதைக்கூட யோசிக்கவில்லையே.

பிளேடு சுழன்றபடி குழாயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன்.

"ஏம்ப்பா, கிறுக்கு புடிச்சிருக்கா?"

"அளவு தப்புண்ணே!"

"ஸ்கிரீன்ல இருக்கறதைத்தானே குறிச்சேன்?"

"ஸ்கிரீனே தப்பு. தப்பு உங்க மேல இல்ல, என் மேல."

கைப்பேசிக்குள்ளிருந்து அக்கா கத்தினார்: "தப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம். குழாய் என்னாச்சு?"

பிளேடு நின்றதும் குனிந்து பார்த்தோம். பளிச்சென்று ஒரு கீறல். அண்ணன் நகத்தால் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"மேல்பூச்சுதான் போயிருக்கு."

"இருபத்தாறரை. திருப்பிச் சொல்லுங்கண்ணே," என்றார் அக்கா.

"பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி ஒப்பிக்கச் சொல்றா பாரு," என்றார் அண்ணன். ஆனாலும் சொன்னார். குறித்தார், குறித்ததை அளந்தும் சொன்னார். இயந்திரம் மறுபடி ஓடியது.

வெட்டிய குழாய் இன்னும் சூடாக இருந்தது. அண்ணன் டேப்பை என்னிடம் நீட்டினார். "நீயே அள."

"இருபத்தாறரைக்கா."

அக்கா விடவில்லை.

"ஒரு பக்கம்தான் அளந்தியா, தம்பி? வெட்டு சாஞ்சிருந்தா அந்தப் பக்கம் குறையுமே."

ஒரு பக்கம்தான். குழாயைத் திருப்பினேன்.