நாரணாபுரத்துக்கு நான் போகாத மறுநாள்

நாரணாபுரத்துக்கு அம்மை குத்தப் போனபோது நான் நர்ஸ் வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கம். கையில் ஒரு சொட்டு அம்மைப்பால் விட்டு, முள் முள்ளாக இருக்கும் வட்டக் கருவியை அதன்மேல் அழுத்தித் திருகுவோம். தோல் கீறிக்கொள்ளும். நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் ஓட்டம் பிடிப்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு தாயும் ஏழு வயது மகளும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டிலில் கைக்குழந்தை. என் பையைப் பார்த்ததும் மகள் தானியக் குலுக்கைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். எட்டிக் கையைப் பிடித்தேன். விரலெல்லாம் பசை.

“யக்கா, இன்னைக்கு வேண்டாம்க்கா. நாளைக்குப் போடுங்க. நாளைக்கு அழவே மாட்டேன்.”

தாய் அடிக்கக் கை ஓங்கினாள். நான் தடுத்தேன். காலையிலிருந்து கதறல் கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்திருந்தது. இரக்கம் பாதி, சலிப்பு பாதி.

“சரி, நாளைக்கு வாரேன்” என்றேன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றதால் அதையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் விஸ்வநத்தத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பிறகு திருத்தங்கல். திரும்பி வர ஒரு மாதமாயிற்று. அந்தப் பிள்ளையிடம் சொன்னது எனக்கு நினைவில்கூட இல்லை.

அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் தாய் எழுந்து வந்தாள்.

“ஆத்தா கொண்டு போயிட்டா, நர்சம்மா. பெரியவள. இன்னியோட அஞ்சு நாளு.”

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

“நீங்க வருவீகன்னு மறுநா வெள்ளனையே குளிச்சிட்டு வாசல்ல ஒக்காந்துட்டா. சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு. உள்ள வாடின்னா வரல. மூணு நாளு அப்பிடித்தான் ஒக்காந்திருந்தா.”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அம்மை கண்ட வீட்டில் எங்களை அண்டவே விடமாட்டார்கள். அவளோ உள்ளே போய்க் கைக்குழந்தையைத் தூக்கி வந்து, அதன் கையை என் முன்னால் நீட்டினாள்.

“இவளுக்குக் குத்துங்க. அழுதாலும் விடாதீக.”

குத்தினேன். குழந்தை வீரிட்டது. தாய் தேற்றவில்லை. அதை இறுக்கிப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். குத்திய இடத்தில், மருந்து பிடித்ததற்கு அடையாளமாகக் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. “இனி பயமில்ல” என்றேன். தலையாட்டிவிட்டு, வெயிலில் வந்திருக்கிறேனே என்று ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.