எனக்கு இந்தி தெரியும்

போன வருஷம் ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஓர் இளைஞன்மீது பொய்ப் பழி சுமத்தினேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே.

தென்காசியில் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், கூட்டம் எப்படி என்று எங்களில் யாராவது காலையில் பார்த்துப் படம் போடுவார். ஓய்வுபெற்ற எனக்கு அதுதான் வேலை. அன்று பேரருவியில், பெண்கள் குளிக்கும் பகுதிக்குள் நுழையப் பார்த்த வடமாநில இளைஞனைப் பெண் காவலர் தடுத்துக்கொண்டிருந்தார். அவன் கையை ஆட்டிக் கத்தினான். அதை வீடியோ எடுத்து, ‘பொம்பளைங்க குளிக்கிற இடத்தில் வடக்கன் அட்டகாசம்’ என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

‘உள்ளே என் மனைவி மயங்கி விழுந்துவிட்டாள், யாராவது பாருங்கள்’ என்றுதான் அவன் கத்தினான். குழுவில் யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பல வருஷம் நாக்பூரில் வேலை பார்த்தவன் நான். காவலரிடம் எடுத்துச் சொல்லக்கூட இல்லை. சற்று நேரத்தில் நம்மூர்ப் பெண்கள் இருவர் அவளைத் தாங்கி அழைத்து வந்தார்கள். அதை நான் எடுக்கவில்லை. சுதந்திர தினத்தன்று ஒற்றுமை வாசகங்களை எல்லோருக்கும் அனுப்புகிறவன், அன்று அந்த வீடியோவுக்கு வந்த பாராட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேலகரத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, ஒங்க வீடியோல வாரவன் நம்ம மாடிலதான் குடியிருக்கான். காலி பண்ணச் சொல்லிட்டேன். நல்லவேள, காட்டிக் குடுத்திய.”

அடுத்த பஸ்ஸில் போனேன். மாடிப்படிக்குக் கீழே மூட்டைகள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் அந்தப் பெண் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவனிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

“அப்படியானால் நேற்று நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா?” என்று இந்தியில் கேட்டான்.

பதிலுக்காகக் காத்து நின்றான். “புரிந்தது” என்றேன்.

வீட்டுக்காரரிடம் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். “படிச்ச மனுசன் அண்ணாச்சி நீங்க. ஒங்கள நம்பி ஒரு பொம்பளப் பிள்ளையத் தெருவுல விடப் பாத்தேனே” என்றார். பிறகு அவரே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

அங்கே நின்றபடியே உண்மையைக் குழுவில் எழுதினேன். ‘தண்ணி நெலவரம் மட்டும் சொன்னாப் போதும் தாத்தா’ என்று ஒருவர் போட்டார். இன்னும் மோசமாகவும் வந்தது. ஆனால் சிலர், வீடியோவை அனுப்பிய இடங்களிலெல்லாம் என் மறுப்பையும் அனுப்பினார்கள். அவர்களில் பலரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

அவனும் மனைவியும் இன்றும் அந்த மாடியில்தான் இருக்கிறார்கள். கடைவீதியில் எதிர்ப்பட்டால் அவன் தலையசைப்பான். அதற்குமேல் பேச்சில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. அன்று என்னைத் திட்டி விரட்டியிருந்தால், மன்னிப்புக் கேட்டாயிற்று என்று நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டு என்னை உண்மை சொல்ல வைத்ததற்காக, இன்றைக்கும் அவனுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.