எங்களுக்கு ஒரு கண்டிஷனும் இல்லை

பருத்தித்துறை அரசாங்க ஆஸ்பத்திரியில் என் மனைவி வதனியின் முறை வந்ததும் என் கை தானாகப் பணப்பைக்குள் போனது. மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பெண் டொக்டரிடம் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"ஐயா, உது என்ன?"

"காப்புறுதி அட்டை."

"உதை உள்ளுக்கை வையுங்கோ. கிளினிக் கொப்பி இருந்தால் காணும்," என்றவர் வதனியின் பக்கம் திரும்பினார். "அம்மா, என்ன செய்யுது? எப்ப இருந்து?"

அமெரிக்காவில் இருந்த பதினொரு ஆண்டுகளில் எந்த ஆஸ்பத்திரியிலும் எங்களிடம் இதை முதலில் கேட்டதில்லை. உங்கள் காப்புறுதி எது என்பதுதான் அங்கே முதற்கேள்வி. நோயைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான். அந்த டொக்டரின் கேள்வியைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இந்த ஒரு கேள்வியைக் கேட்பிக்க நாங்கள் பாதி உலகத்தைக் கடந்து வர வேண்டியிருந்தது. நான் நீட்டிய அட்டையோ எதற்கும் உதவாதது. பழக்கதோஷம்.

கன்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறிய நகரத்தில் பாண் சுடும் தொழிற்சாலையில் நான் வேலை செய்தேன். அந்த நாட்டில் மருத்துவம் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது என்பது ஊரில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. முதலாளி காப்புறுதி எடுத்துத் தருவார். வேலை போனால் டொக்டரும் போய்விடுவார். வேலை இருந்த காலத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன், அவ்வளவுதான். ஒருமுறை வழமையான பரிசோதனையில் வதனியின் வலது மார்பில் சின்னக் கட்டி ஒன்று தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்தில் திரும்பவும் பார்க்கலாம் என்று எழுதி அனுப்பினார்கள். நான்காம் மாதம் தொழிற்சாலையை மூடினார்கள்.

பழைய காப்புறுதியைத் தொடர்ந்து வைத்திருக்கலாம், ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் நாங்களே கட்ட வேண்டும் என்றார்கள். வேலை போனவனிடம் கேட்கிற தொகையில்லை அது. இணையத்தில் தேடினேன். ஏதோ ஒரு பக்கத்தில் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்த நிமிடத்திலிருந்து அழைப்பு ஓயவில்லை. அழைத்த காப்புறுதி முகவர்களில் ஒருவன் என்னை 'மை ஃபிரெண்ட்' என்று கூப்பிட்டான். பெயர், வயது, விலாசம் எல்லாம் கேட்டுவிட்டு, "எனி கண்டிஷன்ஸ்?" என்றான். எங்கள் பக்கத்தில் நிபந்தனைகள் ஏதும் உண்டா என்று கேட்கிறான் என விளங்கிக்கொண்டேன். வேலையில்லாதவன் என்ன நிபந்தனை போடுவது? "நோ கண்டிஷன்ஸ், சேர்," என்றேன். "பெர்ஃபெக்ட்!" என்று சிரித்தான். அந்தச் சொல்லுக்கு நோய் என்றும் பொருள் உண்டென்று எனக்குத் தெரியாது. பாண் தட்டு அடுக்குவதற்கு அவ்வளவு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

அவன் விற்ற மலிவான குறுங்காலக் காப்புறுதியின் அட்டை தபாலில் வந்தது. கட்டி வளர்ந்ததும் அந்த அட்டையோடு போனோம். சோதித்தார்கள், புற்றுநோய் என்றார்கள். பிறகு காப்புறுதிக் கம்பனியின் கடிதம் வந்தது. கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு முந்தியே இருந்த வருத்தத்தை மறைச்சுப்போட்டியள் எண்டு எழுதியிருக்கினம். ஒண்டும் தரமாட்டினமாம்."

"நான் ஒண்டையும் மறைக்கேல்லைப் பிள்ளை. என்னட்டை நோய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

அவளே அரசாங்கக் காப்புறுதிச் சந்தைக்குத் தொலைபேசி எடுத்தாள். நோய் இருந்தாலும் அங்கே சேர்த்திருப்பார்களாம். ஆனால் பழைய காப்புறுதி நின்று அறுபது நாட்களுக்குள் வந்திருக்க வேண்டும். எங்களிடம்தான் காப்புறுதி இருக்கிறதே என்று நான் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அவை. இனி ஆண்டு முடிவில் பதிந்தால் ஜனவரியில் தொடங்கும் என்று தொலைபேசியில் பேசிய பெண் மரியாதையாகச் சொல்லி, இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியும் வைத்தாள். ஜனவரிக்கு ஐந்து மாதங்கள் இருந்தன. மகளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் விமானம் ஏறினோம்.

பருத்தித்துறையில் அன்று முறைக்குக் காத்திருக்கையில் வதனிக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். தொண்டைமானாற்றுக்காரி, கணவர் கடற்றொழில்.

"வெளியிலை இருந்தோ வந்தனீங்கள்?"

"ஓம் அக்கா, அமெரிக்கா."

"அங்கை இல்லாத டொக்டர்மாரோ இஞ்சை? நீங்கள் பிரைவேற்றிலை காட்டலாம்தானே. நாங்கள் முதல் பஸ்ஸுக்கு வந்து இருக்கிறம்."

"அங்கை எங்களுக்குக் காட்ட ஏலாமல் போச்சு, அக்கா."

"உவர் பகிடி விடுறார்," என்று வதனியிடம் சொல்லிச் சிரித்தார். வதனி சிரிக்கவில்லை. அந்த அக்கா கேட்டதில் பிழையில்லை. இந்த ஆஸ்பத்திரிக்காக ஒரு சதம் வரி கட்டாத பதினொரு ஆண்டுகளை வைத்துக்கொண்டு, வரிசையில் அவருக்கு முந்திய கதிரையில் நான் இருந்தேன்.

மார்பை எடுத்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். "கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்," என்று டொக்டர் சொன்னார். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் என் காதில் 'பெர்ஃபெக்ட்' என்ற அந்தச் சிரிப்புத்தான் கேட்டது.

மருந்து முடிய இன்னும் மாதங்கள் ஆகும். அதன் பிறகும் பல ஆண்டுகள் சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கா திரும்பப் பிந்தினால் என் கிறீன் கார்ட் கேள்விக்குள்ளாகும்; வதனிக்கென்றால் நோயைக் காட்டி அவகாசம் கேட்கலாம். மகளும் தனியே இருக்கிறாள். ஆகவே நான் நாளை போகிறேன். வேலை தேட வேண்டும். எந்த வேலை என்பது முக்கியமில்லை, காப்புறுதி தருகிற வேலையாக இருக்க வேண்டும். அது கிடைத்தால்தான் வதனி அங்கே வந்து வாழலாம். அதுவரை அவள் என் தம்பி வீட்டில் இருப்பாள். உயிரோடு இருப்பதற்கு ஒரு நாடும், பிள்ளையோடு இருப்பதற்கு இன்னொரு நாடும் என்றாகிவிட்டது.

இன்று பின்னேரம் வதனி என் பெட்டியை அடுக்கினாள். வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழவில்லை, இடக்கையால்தான் எல்லாம். கடைசியில் தன்னுடைய தடித்த குளிர் ஜக்கெற்றைக் கொண்டுவந்து என் உடுப்புகளுக்கு மேலே வைத்து அமத்தினாள்.

"உது என்னத்துக்கு? நீர் இஞ்சை எல்லோ நிக்கப்போறீர்."

"இந்த வெக்கைக்கை இஞ்சை ஏன் கிடப்பான்? கொண்டுபோய் கதவுக்குப் பின்னாலை, நான் கொழுவுற இடத்திலை கொழுவி விடுங்கோ. பிள்ளை வீட்டுக்கை வரேக்கை வெறும் ஆணியைப் பாக்கக்கூடாது."

பெட்டி மூட மறுத்தது. நான் அதன்மேல் ஏறி இருந்தேன். அவள் ஒற்றைக் கையால் சிப்பை இழுத்தாள்.