சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் அதே சலுகை

மாநாட்டில் எங்கள் பேச்சை அறிவித்த பிறகுதான் ஏற்காடு மலையிலுள்ள கொட்டச்சேட்டிலிருந்து மலர்விழி போன் செய்தாள்.

"ஏனுங்க்கா, நம்ம நிரூபணத்துல ஒரு எடம் இடிக்குது. போன்ல சொன்னா வெளங்காது. ஊட்டுக்கே வந்துருங்க."

இருவரும் ஒரே ஆய்வுக்குழு. மலைக்காடுகளின் செயற்கைக்கோள் படங்களில் ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துப் பிரிக்க குவாண்டம் கம்ப்யூட்டரில் ஓடும் ஓர் அல்காரிதம், அதாவது கணக்குப் போடும் வழிமுறை, நான் எழுதியிருந்தேன். அதன் வேகத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டரால் எட்டவே முடியாது என்று நிரூபிப்பது மலர்விழியின் பங்கு. அது மட்டுமே பாக்கி.

மறுநாள் ஏற்காடு பஸ் ஏறிப் போனேன். வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. உட்காரும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க அல்காரிதத்துக்குத் தரவை ஒரு தனி மாதிரி மெமரியில அடுக்கிக் குடுக்குறோமில்லீங்களா? அதே அடுக்கைச் சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் குடுத்தா என்னாகுமுங்க்கா?"

அதுவரை சாதாரணக் கம்ப்யூட்டர் எல்லாத் தரவையும் படிக்கவேண்டும் என்றே வைத்திருந்தோம். அந்த அடுக்கு இருந்தால் முழுதும் படிக்க வேண்டாம். பெரிய எண்கள் அதிகம் அகப்படும்படி, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் கொஞ்சம் எடுத்தால் போதும். அவள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தோம். தரவைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். நேரம் அவ்வளவாகக் கூடவில்லை. என் அல்காரிதத்தின் சிறப்பே போய்விட்டது. ஆனாலும் இன்னும் எந்தெந்தக் கணக்கில் இது நடக்கும் என்று பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை.

குழுத் தலைவருக்குப் போன் போட்டோம். "பேச்சை ரத்து பண்ணிடலாம்மா. தோத்துட்டோம்னு மேடையில நின்னு சொல்லப் போறீங்களா?" என்றார்.

"நாம சொல்லாம உட்டா வேற யாராச்சும் சொல்லிப்போடுவாங்க சார்," என்றாள் மலர்விழி. அதைக் கேட்டதும் அவர் சம்மதித்தார்.

மாநாட்டில் தலைப்பை மாற்றிப் பேசினோம். பேசி முடித்ததும் பார்வையாளர்களில் ஒருவர் கோபமாக எழுந்தார். "அப்போ குவாண்டம் கம்ப்யூட்டரே தேவையில்லையா?"

"இந்தக் கணக்குக்குத் தேவையில்லைங்க," என்றாள் அவள். "பெரிய எண்ணைக் காரணிகளாப் பிரிக்கிற கணக்குல இந்தக் குறுக்குவழி எடுபடலீங்க. எங்க எடுபடும், எங்க எடுபடாதுன்னு இனித்தான் பாக்கோணும்."

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு இயந்திரங்களை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே வசதியைக் கொடுங்கள். இப்போது நாங்கள் எடுத்திருக்கும் வேறொரு கணக்கில் அப்படிக் கொடுத்தும் குவாண்டம்தான் முந்துகிறது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.