அம்மன் பேரில் வெட்டிய தோப்பு

என் கிணற்றை வற்ற அடித்தவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். ஆள் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தீவில் செமின் கிரனியே ஊருக்கு மேலே மலைச் சரிவில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து நிலம் வாங்கிக் கரும்பு போட்டார்கள். மேட்டுத் தோப்பு அவர் பங்கு. அதற்குக் கீழே இருந்த கிணறு எங்கள் பங்கு. தோப்பில் ஜாம்ரோசா மரமும் மூங்கிலும் அடர்ந்து, பகலிலும் குளிரும். பெய்கிற மழை ஓடிப் போகாமல் அங்கேயே மண்ணுக்குள் இறங்கும். எங்கள் கிணற்றுக்கு ஊறியது அந்தத் தண்ணீர்தான். பங்கு பிரித்தபோதே தோப்பில் கை வைப்பதில்லை என்று பேச்சு.

மூத்தாருக்கோ அங்கேயும் கரும்பு போட ஆசை. நேராக வெட்டினால் தம்பி சண்டைக்கு வருவான். என்ன செய்தார் தெரியுமா? தீமிதிக்கு முன்னால் கோயில் கூட்டத்தில் எழுந்து, "இந்த வருஷம் குழிக்கு விறகு முழுக்க என் தோப்புலேருந்து. அம்மனுக்கு என் காணிக்கை" என்றார். ஊரே கைகூப்பியது. அம்மனுக்கென்று கொடுப்பதை யார் வேண்டாம் என்பது? ஐயோ, என் வீட்டுக்காரரே மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, அந்தத் தணலிலேயே முதல் ஆளாக இறங்கி நடந்தார்!

நான் கேட்டிருப்பேன். ஆனால் மூத்தார் எதிரே தம்பி பெண்டாட்டி நின்று பேசக் கூடாது. அவர் தலை தெரிந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். போனேன். உள்ளே நின்று பல்லைக் கடித்தேன்.

சாம்பல் ஆறுவதற்குள் வேரைக் கிளப்பிக் கரும்பு நட்டார். அடுத்த வெயில் காலத்தில் என் வாளி சேற்றில் போய் விழுந்தது. அவரைக் கொடி கருகியது, பசுவின் மடி வற்றியது. வயிற்றுப் பிள்ளையோடு தொலைவிலிருந்து குடம் சுமந்தேன். ஒரு நாள் அவர் வரப்பில் நின்று, "பாவம், ராசியில்லாத கிணறு" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தார். அடப்பாவி! இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

கிணற்றைச் சுற்றியிருந்த எங்கள் கரும்பை நானே பிடுங்கி, மூங்கிலும் ஜாம்ரோசாவும் நட்டேன். வீட்டுக்காரர் கத்தினார். "தண்ணி இல்லாம கரும்பைக் கடிச்சிட்டுப் படுப்பீங்களா?" என்றேன். வருஷங்கள் போயின. வழிந்தோடிக்கொண்டிருந்த மழை என் மரங்களின் கீழே நின்று இறங்கியது. கிணறு நிரம்பவில்லை, குடம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வந்தது.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. தீமிதி வந்தபோது ஊர்க் கிணறுகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. மூத்தார் மேட்டில் தோண்டிய கிணற்றில் வெறும் கல். ஆற்றிலோ ஆலைக் கழிவு. அதில் போய்க் கரகம் நிறைக்க முடியுமா? மேளத்தோடு ஊரே என் கிணற்றடிக்கு வந்தது. கரகக் குடத்தோடு முன்னால் நின்றவர் கோயில் தர்மகர்த்தா, வேறு யார், என் மூத்தார்தான்.

உள்ளே போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"அம்மனுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்ல நான் யாரு? எடுங்க. ஆனா அடுத்த வருஷமும் வேணுமே. மாமா அன்னைக்கு மரத்தைக் கொடுத்தாங்க. இன்னைக்கு அந்த மேட்டையே அம்மன் தோப்பா விட்டுக் கொடுப்பாங்க. அப்படித்தானே, மாமா?"

மேளம் நின்றது. எல்லாக் கண்ணும் அவர் மேல். காப்புக் கட்டிய மனுஷன், கையில் கரகக் குடம், எப்படி முடியாது என்பார்? "ஆமா" என்று முனகினார்.

"கேக்கல, மாமா" என்றேன். மறுபடி சொன்னார்.

தீமிதி முடிந்ததும் வாசலுக்கு வந்தார். "கரும்பு இடுப்பளவு நிக்குதும்மா. வெட்டு வரைக்கும் பொறுத்துக்க."

"அம்மன்கிட்ட கேளுங்க" என்றேன்.

தன் கையாலேயே கரும்பைப் பிடுங்கினார். கன்று வைக்கக் குழி தோண்டினார். நான் கிணற்றடியில் உட்கார்ந்து, அவருக்கு வேர்த்து வழிவதைக் கண் குளிரப் பார்த்தேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்.

"கன்னுக்கு ஊத்தினது போக மிச்சம் இருந்தா தரேன்" என்றேன்.

அன்றைக்கு மிச்சம் இல்லை.