அம்மா எழுந்திருக்கும் உயரம்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் பெரியப்பாவிடம் பேசியதைக் கேட்டு உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும்.

எழுபதுகளின் தொடக்கம். தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அப்பா காலமாகிவிட்டார். வாடகை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வீங்கிப்போய், தரையில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. யாராவது கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். வீட்டில் இருந்த கயிற்றுக் கட்டிலோ ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். முக்காலி ரொம்பக் குட்டை.

காலையில் கிளம்பினால் நான் திரும்ப ஆறு மணியாகும். நடுவில் எழ வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட வேண்டும். கூப்பிடக் கூச்சப்பட்டு, பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்திருக்கிறாள். ஒரு சித்திரை வெயிலில் மயங்கிச் சரிந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"தண்ணி குடிச்சா எந்திரிக்கணுமே கண்ணு. அவளும் எத்தினி வாட்டிதான் வருவா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் குஷன் கடைக்குப் போனேன். லாரி சீட்டு, கல்யாண சோபா எல்லாம் செய்கிற கடை. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். வாசலில் சிவப்பில் ஒரு நாற்காலி பளபளவென்று இருந்தது. அம்மாவின் முட்டி நிலையைச் சொல்லி அதையே கேட்டேன்.

"எடுத்துட்டுப் போனா வூட்டுக்கு அழகா இருக்கும்மா. ஆனா அம்மா எந்திரிக்க மாட்டாங்க" என்றார் பாய். "ஸ்பிரிங் வெச்சது. ஆளை உள்ள இழுத்துக்கும். நான் வந்து அளவெடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். கேரியரில் அரை அங்குலப் பலகைத் துண்டுகளாக ஒரு கட்டு. பெண்பிள்ளையின் காலில் டேப் வைத்து அளக்க முடியாதல்லவா, அதற்கு அவர் கண்ட வழி அது. முக்காலியின் மேல் நாலு பலகையை அடுக்கி அம்மாவை உட்காரச் சொன்னார். எழச் சொன்னார். முடியவில்லை. இன்னொன்று வைத்தார். அதுவும் ஆகவில்லை. ஏழாவது பலகையில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். நின்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"இதான் அளவு. அம்மா எந்திரிக்கிற ஒசரம்" என்று பாய் சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

மூன்று வாரத்தில் நாற்காலி வந்தது. உள்ளே தேங்காய் நார், மேலே இலவம்பஞ்சு, அதன் மேல் பச்சை ரெக்சின். கை ஊன்றி எழுவதற்காகக் கைப்பிடி ஒரு சாண் முன்னால் நீண்டிருந்தது.

"ஈரத்துணியால தொடைங்க. வெயில்ல போட்டா ரெக்சின் வெடிச்சிரும். தலை சாயற எடத்துல துண்டு போடுங்க, எண்ணெ பட்டா பிசுபிசுத்துப் போவும்" என்றார் பாய். "முக்கியமா, அம்மா மட்டும் குந்தட்டும். புது நாரு. கனத்த ஆளு குந்தினா அமுங்கிரும். ஒசரம் போச்சுன்னா எல்லாம் போச்சு."

அம்மா தினமும் துடைத்தாள். துண்டு போட்டாள், அதை வாராவாரம் துவைத்தாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் காற்றில் விட்டாள்.

சில நாள் சாயங்காலம் நான் வரும்போது தரையில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "தரை ஜில்லுன்னு இருக்குது" என்பாள். நானும் நம்பித் தொலைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நாற்காலியில் உட்கார்ந்தவளால் எழவே முடியவில்லை. முட்டி இன்னும் மோசமாகிவிட்டதென்று பயந்துபோனேன். எதற்கும் பாயைக் கூட்டிவந்தேன்.

அவர் சீட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இது அம்மா குந்தின பள்ளமில்லையே. தாட்டியான ஆம்பள ஒருத்தர் இதுல ஒருக்களிச்சுத் தூங்கியிருக்காரு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரண்டஹள்ளியில் இருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், வாரத்துக்கு ஒருநாள் தர்மபுரிக்குக் காய் லோடு கொண்டுவருவார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சாயங்கால பஸ் வரைக்கும் இளைப்பாறுவார்.

"மாமா மூத்தவங்க. அவங்க முன்னால நான் சேர்ல குந்துவனா?" என்றாள் அம்மா.

"சரி, தரையில உக்காந்த. உன்னைத் தூக்கினது யாரு?"

"நீ வர்ற வரைக்கும் அப்படியே இருந்தேன்."

பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். நாரைப் பிரித்துப் புதிதாக இறுக்கி அடைத்து, சுவரில் இருந்த கோட்டுக்குச் சரிபார்த்துப் போட்டுவிட்டுப் போனார். வருகிறவர்களுக்கென்று நான் ஒரு மரபெஞ்சு வாங்கிப்போட்டேன்.

அடுத்த வாரம் காய்ச்சலென்று லீவு போட்டு வீட்டில் இருந்தேன். பெரியப்பா வந்தார். அவரைக் கண்டதும் அம்மா கைப்பிடியை ஊன்றி எழுந்துவிட்டாள். அவர் வழக்கம்போல நாற்காலிப் பக்கம் போனார்.

"பெரியப்பா, அது அம்மா சேருங்க. நீங்க பெஞ்சுல உக்காருங்க."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தம்பி வூட்டுல எனக்கு எடமில்லைங்கற?"

"எடம் இருக்குது. அந்தச் சேரு மட்டும் இல்லீங்க."

மனுஷன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் ஆற அமரச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை ஏது?

"நரம்பில்லாத நாக்குன்னா என்ன வேணா பேசுவியா? குடும்ப மானத்தையே வாங்கிட்ட" என்றாள் அம்மா. அதோடு சரி. அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் வீம்புக்குப் பேசவில்லை.

நாலாம் நாள் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இதற்கு முன்னால் எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. எதுவும் ஒரு வேளை தாண்டியதில்லை. எவ்வளவு கோபமிருந்தாலும், எழுந்திருக்க "கண்ணு, கையைக் குடு" என்று அவள்தான் முதலில் கூப்பிட்டாக வேண்டும். இந்த நாலு நாளில் அவள் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.